மாயத்துக்கும் விதி உண்டு: சிறார் தொடர்கதைகளும் தமிழ்த் திரையும்

1947-இல் சென்னையில் ‘அம்புலிமாமா’வைத் தொடங்கிய பி. நாகிரெட்டியும் சக்ரபாணியும்தான் விஜயா புரொடக்‌ஷன்ஸ் வழியாக ‘பாதாள பைரவி’யையும் (1951) ‘மாயா பஜா’ரையும் (1957) தந்தவர்கள். ஒரு கையில் குழந்தைகள் பத்திரிகை, மறு கையில் சினிமா. பூதத்தையும் வேதாளத்தையும் மாதந்தோறும் வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர்களிடமே அவற்றைத் திரையில் நடமாட வைக்கும் வசதியும் இருந்தது. அப்படியிருந்தும், சிறுவர் இதழில் வளர்ந்து, புத்தக வரிசையாகி, பிறகு நடிகர்களைக் கொண்டு படவரிசையும் ஆன மாயக்கதை என்று சொல்லத் தமிழில் ஒரு பெயர்கூட இல்லை.

தென்காசியை அடுத்த குற்றாலத்தில், ஐந்தருவியின் சாரலில் நனைந்தபடி யோசிக்க வேண்டிய கேள்வி இது. இந்த மலையடிவாரத்தில் எதைத் தொட்டாலும் கதையாகிறது. திருமால் கோயிலுக்குள் விட மறுத்தார்கள் என்று அகத்தியர் திருமாலின் உருவத்தையே லிங்கமாகக் குறுக்கினார் என்பது குற்றாலத் தலபுராணம். கோயிலோ சங்கு வடிவில் கட்டப்பட்டது. ஊருக்குள்ளேயே சுவரெல்லாம் ஓவியமான சித்திர சபை இருக்கிறது. பக்கத்து மேலகரத்தில் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயர் 18-ஆம் நூற்றாண்டில் பாடிய ‘திருக்குற்றாலக் குறவஞ்சி’யில் மலையும் குரங்கும் வானமும் ஒன்றோடொன்று விளையாடுகின்றன. சீசனில் ஐந்தருவிக்கு வரும் குழந்தைகள் ஐந்து நீர்த்தாரையையும் அண்ணாந்து பார்த்து, மேலே யார் இருக்கிறார்கள் என்று கேட்கிறார்கள். நாம் அவர்களுக்குக் காட்டும் படங்களில் அதற்கு விடை இல்லை.

கதைக்குப் பஞ்சமில்லை

முதலில் கையிருப்பைப் பார்த்துவிடலாம். அம்புலிமாமாவின் விக்கிரமாதித்தன் கதைகளை எடுத்துக்கொள்ளுங்கள். முருங்கை மரத்திலிருந்து வேதாளத்தை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு அரசன் நடப்பான். வேதாளம் கதை சொல்லிக் கேள்வி கேட்கும். விடை தெரிந்தும் பேசாவிட்டால் தலை சுக்குநூறாகும். பேசினால் மௌனம் கலைந்து வேதாளம் மரமேறிவிடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் தோல்வி என்ற இந்த ஏற்பாட்டின் மேல்தான் பல ஆண்டுகள் ஒரு தொடரே நடந்தது. அதற்கு உருவம் கொடுத்தவர் ஓவியர் சங்கர். கே.சி. சிவசங்கரன் என்ற அவர் 2020-இல் தமது 96-ஆம் வயதில் மறைந்தார். வாளேந்தி முதுகில் வேதாளத்தோடு நடக்கும் அரசனின் படம், கதையைப் படிக்காதவர்களுக்கும் தெரியும்.

சிவகாசியிலிருந்து 1972-இல் வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸ் ‘இரும்புக்கை மாயாவி’யைத் தந்தது. பிறப்பால் அவர் பிரிட்டிஷ் காமிக்ஸ் நாயகர். தமிழ்ப் பிள்ளைகளோ அவரைத் தங்கள் தெருக்காரராகவே ஆக்கிக்கொண்டார்கள். அவருடைய மாயத்துக்கும் ஒரு கணக்கு உண்டு: உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைவார், இரும்புக்கை மட்டும் மறையாது. அந்தக் கை காட்டிக்கொடுத்துவிடுமோ என்ற பதைப்புதான் கதை முழுவதையும் ஓட்டுகிறது.

நம் மண்ணிலேயே எழுதியவர்களும் பலர். வாண்டுமாமா (1925–2014) ஒரு தலைமுறைக்கே மாயக்கதை சொன்னார். ஜெயமோகன் ‘பனிமனிதன்’ நாவலைத் தினமணியின் சிறுவர்மணியில் தொடராக எழுதினார். திரைக்கதையும் எழுதும் ஒருவர் பிள்ளைகளுக்காகச் செய்த சாகசக் கதை அது. கோவில்பட்டியின் உதயசங்கர் ‘ஆதனின் பொம்மை’க்காக 2023-இலும், யூமா வாசுகி ‘தன்வியின் பிறந்தநாள்’ நூலுக்காக 2024-இலும் பால சாகித்திய புரஸ்கார் பெற்றார்கள். விருது வருகிறது, புத்தகக் காட்சியில் பிள்ளைகள் வாங்குகிறார்கள். சினிமாக்காரர்கள் வந்து கதவைத் தட்டுவதில்லை.

நாயகன் வந்தான், விதி போயிற்று

ஏன் தட்டவில்லை என்பதைத் தமிழ்த் திரையின் வரலாறே சொல்கிறது. நம் சினிமா மாயக்கதைக்குப் பயந்த சினிமா அல்ல. ‘பாதாள பைரவி’யின் வேர் தெலுங்கின் ‘காசி மஜிலிக் கதைக’ளில் இருக்கிறது. காசிக்கு நடந்து போகும் குரு, தங்கும் இடந்தோறும் மாடு மேய்க்கும் சீடனுக்கு ஒரு கதை சொல்வதாக மதிர சுப்பண்ண தீட்சிதர் பல பாகங்களாக எழுதிய வரிசை அது. காசிக்குப் போகும் வழியில் சொன்ன கதை, தென்காசிக் கொட்டகைகளில் திரையில் ஓடியது என்று நினைக்கையில் எனக்கு ஒரு பெருமிதம் வருகிறது. அந்தப் படம் கதையின் விதியையும் காப்பாற்றியது. பலி கொடுப்பவனுக்கே தேவியின் சிலை வரம் தரும். அந்தப் பலி யார் என்பதில்தான் மந்திரவாதிக்கும் தோட்டக்காரியின் மகனுக்கும் போட்டி. ‘மாயா பஜா’ரில் லட்டுகள் தாமாகவே கடோத்கஜனின் வாய்க்குள் போனதைப் பார்த்துப் பிள்ளைகள் கைதட்டினார்கள். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லி கேமராவுக்குள்ளேயே செய்த வித்தை அது.

1956-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ எடுத்தபோது, தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் என்ற பெருமை ஒரு மாயக்குகைக் கதைக்குத்தான் போயிற்று. 1967-இல் ‘பட்டணத்தில் பூதம்’ வந்தது. எஃப். ஆன்ஸ்டி 1900-இல் எழுதிய ஆங்கில நாவலின் வழிவந்த கதை, ஜாவர் சீதாராமனின் பூதமாகச் சென்னைத் தெருக்களில் நடந்தது. பிறகு இயக்குநர் விட்டலாச்சார்யாவின் காலம். ‘ஜகன்மோகினி’ (1978) தமிழிலும் பேசியது. அதற்குப் பின் கிராமத்தில் யாராவது நம்ப முடியாத கதை சொன்னால் “விட்டலாச்சார்யா படம் மாதிரி” என்பது வழக்காயிற்று.

இந்தப் படங்களை வரிசையாக வைத்தால் ஒரு நகர்வு தெரிகிறது. தொடக்கத்தில் மாயம் கதையின் முடிச்சாக இருந்தது. பிறகு அது தந்திரக் காட்சியாயிற்று. கடைசியில் நாயகனின் வீரத்துக்குப் பின்னணியாயிற்று. நட்சத்திர நாயகன் தோற்கக் கூடாது என்பது நம் வணிக சினிமாவின் எழுதப்படாத சட்டம். மாயக்கதையோ, யாரானாலும் விதியை மீறினால் தோற்பார்கள் என்ற நம்பிக்கையில் நிற்பது. இந்த இரண்டும் ஒரே படத்தில் சேர்ந்து வாழ முடியாது. விக்கிரமாதித்தன் வேதாளத்தை ஒரே குத்தில் வீழ்த்திவிட்டால் அடுத்த கதைக்கு வழியில்லை. 2015-இல் வந்த ‘புலி’யில் குள்ளர்களும் பேசும் பறவையும் இருந்தார்கள். ஒரு புத்தகத்தின் முதல் பக்கத்துக்குரிய ஆர்வம் அவற்றில் இருந்தது. ஆனால் எல்லோரும் நாயகனின் வெற்றிக்குக் காத்திருக்கும் கூட்டமாக நின்றார்கள். படத்தின் குறை கிராஃபிக்ஸில் இருந்ததாக அப்போது பலரும் பேசினார்கள். மாயம் யாருக்காக என்ற கேள்வியில்தான் குறை இருந்தது என்பது என் கணிப்பு.

இரண்டு நல்ல முன்மாதிரிகள்

செங்கோட்டை தாண்டினால் கேரளம். அங்கே 1984-இல் நவோதயா நிறுவனம் ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ எடுத்தது. ஜிஜோ இயக்கிய அதுவே இந்தியாவின் முதல் 3டி படம். ஒளிப்பதிவு நம் அசோக்குமார், இசை இளையராஜா. சிறுவர்கள் சுவரிலும் கூரையிலும் நடக்கும் காட்சிக்காக அறையையே சுழலும்படி கட்டினார்கள். கண்ணாடி போட்டுப் பார்த்த பிள்ளைகளை மூக்குக்கு நேரே வந்த ஐஸ்கிரீம் சிரிக்க வைத்தது. அந்தத் தந்திரங்களையெல்லாம் தாங்கி நின்றது எளிய ஏற்பாடுதான்: மந்திரவாதியிடம் அடிமைப்பட்ட ஒரு குட்டிச்சாத்தானை விடுவிப்பவர்கள் குழந்தைகள். பெரியவர்கள் அதில் ஓரமாக நிற்கிறார்கள்.

இன்னொன்று வங்காளத்தில். உபேந்திரகிஷோர் ராய் சௌதுரி தாம் நடத்திய ‘சந்தேஷ்’ சிறுவர் இதழில் 1915-இல் எழுதிய கதையைப் பேரன் சத்யஜித் ராய் 1969-இல் ‘கூபி காயின் பாகா பாயின்’ என்ற படமாக்கினார். பணம் போதாமல் படம் கறுப்பு வெள்ளையிலேயே எடுக்கப்பட்டு, கடைசிக் காட்சி மட்டும் வண்ணமாயிற்று. அப்படியும் பெரும் வெற்றி. கூபியும் பாகாவும் வயதில் பெரியவர்கள். ஆனால் பாட்டும் மேளமும் சரியில்லை என்று ஊர் துரத்திவிட்ட எளியவர்கள். பூதராஜா அவர்களுக்குக் கொடுக்கும் வரமும் இருவரும் சேர்ந்து கைதட்டினால்தான் பலிக்கும். ஒருவன் பிரிந்தால் இருவருக்கும் ஒன்றுமில்லை. நட்பைப் பற்றி வசனமே வேண்டாம், விதியே அதைச் சொல்லிவிடுகிறது. பூதங்களின் புகழ்பெற்ற நடனத்துக்கு ராய் எடுத்துக்கொண்டவை மிருதங்கம், கஞ்சிரா, கடம், முகர்சிங். நம் கச்சேரி மேடையின் தாளத்தில்தான் வங்காளத்துப் பூதங்கள் ஆடின. 1980-இல் ‘ஹீரக் ராஜார் தேஷே’, 1992-இல் மகன் சந்தீப் ராய் இயக்கிய மூன்றாவது படம் என்று அது ஒரு வரிசையாகவும் வளர்ந்தது. தாத்தாவின் பத்திரிகைக் கதையிலிருந்து மூன்று தலைமுறை கடந்தும் அறுபடாமல் வந்த இழை இது. நம் மொழியில் அப்படி ஓர் இழையை யாரும் பின்னவில்லை.

வெளியுலகம் கற்ற பாடம்

‘ஹாரி பாட்டர்’ ஏழு புத்தகங்கள், 2001 முதல் 2011 வரை எட்டுப் படங்கள். பதினொரு வயதில் கதைக்குள் நுழையும் ஹாரியாக அதே வயதை ஒட்டிய சிறுவனே நடித்தான். திரையில் இருந்தவர்களும் அரங்கில் இருந்தவர்களும் சேர்ந்தே வளர்ந்தார்கள். ‘பெர்ஸி ஜாக்ஸன்’ அப்படி அமையவில்லை. புத்தகத்தில் நாயகனுக்குப் பன்னிரண்டு வயது. 2010-இல் வந்த படம் அவனை இளைஞனாக்கியது. இது வேண்டாம் என்று எழுத்தாளர் ரிக் ரியோர்டன் முன்கூட்டியே எழுதியிருந்தார். இரண்டு படங்களோடு அது நின்றுபோயிற்று. 2023-இல் அவரையும் சேர்த்துக்கொண்டு வெளியான தொடரில் பெர்ஸி மறுபடி சிறுவனானான். ‘தி கோல்டன் காம்பஸ்’ (2007) புத்தகத்தின் கடைசி அத்தியாயங்களை விட்டுவிட்டு இதமாக முடிந்தது, அடுத்த பாகம் வரவேயில்லை. 2019 முதல் 2022 வரை மூன்று பருவங்களாக வந்த தொலைக்காட்சித் தொடர்தான் அந்தக் கதையைக் கடைசிவரை கொண்டுபோனது.

இவை கோடிகள் புரளும் இடத்தில் நடந்தவை. பணம் இருந்தும் தவறியவை தவறின. நாயகனின் வயதைக் கூட்டியதும், வலிக்கும் முடிவை மறைத்ததும் குழந்தையால் தாங்க முடியாது என்ற பெரியவர்களின் பயத்தில் பிறந்த முடிவுகள். வேதாளத்தின் கேள்விகளில் சாவும் துரோகமும் இருந்தன. அவற்றைப் படித்துவிட்டுத்தான் நம் பாட்டிகளும் அப்பாக்களும் நிம்மதியாக உறங்கினார்கள்.

முகம், நீளம், உரிமை

எழுத்து உடம்பாகும்போது எழும் முதல் சிக்கல் முகம். ‘பொன்னியின் செல்வன்’ சிறுவர் கதை அல்ல, மாயக்கதையும் அல்ல. ஆனாலும் தொடராக வளர்ந்த கதை படமாவது பற்றி நமக்குக் கிடைத்த பெரிய அனுபவம் அதுதான். 1950 முதல் கல்கி இதழில் மணியம் வரைந்த முகங்கள் வாசகர் மனத்தில் குடியேறிவிட்டதால், 2022-இல் படம் வந்தபோது ஒவ்வொரு நடிகரும் கல்கியின் எழுத்தோடு மணியத்தின் கோடுகளையும் சுமக்க நேர்ந்தது. சங்கரின் விக்கிரமாதித்தனுக்கு ஆள் தேடுகிறவருக்கும் இதே பாரம் உண்டு. பெயர் தெரிந்த முகம் அந்த ஓவியத்தை மறைத்துவிடும். புதுமுகத்தில் அது பதியும். ‘காக்கா முட்டை’யின் (2015) இரண்டு சிறுவர்களும் யார் என்று படத்துக்கு முன் யாருக்கும் தெரியாது. படம் முடிந்தபோது அவர்களைத் தவிர வேறு யாரையும் அந்த இடத்தில் நினைக்க முடியவில்லை.

இரண்டாவது நீளம். ‘பொன்னியின் செல்வ’னின் ஐந்து பாகங்களை இயக்குநர் மணிரத்னம் இரண்டு படங்களாக்கியபோது எதை விடுவது என்பதுதான் முதன்மையான வேலையாக இருந்திருக்கும். விக்கிரமாதித்தன் போன்ற வரிசைக்கு இரண்டரை மணி நேரப் படம் பொருந்தாது. ஒரு கதை, ஒரு கேள்வி, மறுபடி முருங்கை மரம் என்ற அமைப்பே வாராந்திரத் தொடரின் அமைப்பு. 1985-இல் தூர்தர்ஷனில் ராமானந்த் சாகர் எடுத்த ‘விக்ரம் அவுர் பேதாள்’ அதைக் கண்டுகொண்டது. இந்தி புரியாத வீடுகளிலும் பிள்ளைகள் அதைப் பார்த்தார்கள். ‘பனிமனிதன்’ போல ஒரே பயணமாக ஓடும் கதைக்குத் திரைப்படமே ஏற்றது. எந்தக் கதைக்கு எந்த வடிவம் என்ற இந்தத் தேர்வு முதலிலேயே நடக்க வேண்டும்.

மூன்றாவது உரிமை. நம் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை அவருடைய எழுத்துக்குக் காப்புரிமை உண்டு. பழைய சிறுவர் இதழ்களில் எழுதியவர் ஒருவர், வரைந்தவர் ஒருவர், பத்திரிகை நடத்தியவர் ஒருவர். பத்திரிகை நின்றுபோனால் யாரிடம் கேட்பது என்ற குழப்பம் வரும். இதற்கு அஞ்சியே, கதையின் சாயலை எடுத்துக்கொண்டு ஆசிரியர் பெயரை விட்டுவிடும் பழக்கமும் வளர்ந்தது. எழுத்தாளருக்குப் பெயரும் பணமும் தராத சினிமாவுக்கு நல்ல சிறார் கதை வராது.

ஐந்தருவியில் கேமரா வைத்தால்

படப்பிடிப்பு என்றால் தென்காசிக்குப் புதிதல்ல. ‘ரோஜா’வின் (1992) சுந்தரபாண்டியபுரம் இங்கேதான். ஆனால் பாட்டுக்கு வருவதும் குழந்தைகளோடு மாயக்கதை எடுக்க வருவதும் வேறு. ஐந்தருவியை வைத்தே கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

அருவி அழகாக விழுவது ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான தென்மேற்குப் பருவத்தில். அப்போதுதான் கூட்டமும். தண்ணீர் கூடினால் குளிக்கத் தடை வந்துவிடும். இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேச்சே கேட்காது. ஆகவே வசனத்தைப் பிறகு டப்பிங்கில்தான் சேர்க்க முடியும். பாறையோ வழுக்கும். 2024 மே மாதம் பழைய குற்றால அருவியில் திடீரெனப் பாய்ந்த வெள்ளம் 17 வயது மாணவர் ஒருவரைக் கொண்டுபோனது. அதை மறந்துவிட்டு எந்தக் காட்சிக்காகவும் ஒரு குழந்தையைத் தாரைக்குக் கீழே நிறுத்தக் கூடாது. அருவியைத் தனியாகப் படம்பிடித்து, பிள்ளைகளை அரங்கில் நடிக்க வைத்து, இரண்டையும் இணைப்பதே சரி. மேலே தேனருவிக்குப் பொதுமக்கள் போகவே அனுமதியில்லை. காட்டை ஆளில்லாமல் விட்டிருப்பதற்குக் காரணம் உண்டு.

சட்டமும் துணை நிற்கிறது. 2017-இன் குழந்தைத் தொழிலாளர் விதிகளின்படி, சிறார் நடிக்க மாவட்ட ஆட்சித் தலைவரின் அனுமதி வேண்டும். ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. தொடர்ந்து 27 நாளுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. வருமானத்தில் 20 சதவீதமாவது குழந்தையின் பெயரில் வைப்பாகப் போட வேண்டும், படிப்பும் தடைப்படக் கூடாது. குழந்தையே நாயகன் என்றால் படப்பிடிப்பு நாட்கள் கூடும், செலவும் கூடும். தயாரிப்பாளர்கள் தயங்குவதன் ஒரு காரணம் இதுதான். ஆனால் இது குழந்தைக்குத் தர வேண்டிய நியாயம். அதைக் கணக்கில் சேர்த்துத்தான் பட்ஜெட் போட வேண்டும்.

ஐந்தருவி என்றால் குரங்கு இல்லாமலா? ஆனால் குரங்கு, கரடி, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றைப் பழக்கி நடிக்க வைக்க நாட்டில் தடை உண்டு. பேசும் குரங்கு வேண்டுமென்றால் கம்ப்யூட்டரில்தான் பிறக்க வேண்டும். அதைச் செய்யும் கைகள் சென்னையில் இருக்கின்றன. உலகப் படங்களுக்கு வேலை செய்த இளைஞர்கள் அவர்கள். நமக்குக் குறைவாக இருப்பது, அவர்களிடம் கொடுக்கத் தமிழ்ப் புத்தகம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் மனம்.

இந்திய அரசு 1955-இல் குழந்தைகள் திரைப்படச் சங்கத்தை அமைத்தது. 2022-இல் அது தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டது. அந்தச் சங்கம் எடுத்த படங்கள் விழாக்களுக்குப் போயின, நம் ஊர்த் திரையரங்குகளை எட்டியது குறைவு. 2024 முதல் தணிக்கைச் சான்றிதழில் 7, 13, 16 வயது என்று பிரிவுகள் வந்துவிட்டன. பிள்ளைகளுக்கான படம் எது என்று பெற்றோர் தேடத் தொடங்கியிருக்கும் நேரம் இது. தேடுகிறவர்களுக்குக் கொடுக்கத் தமிழில் என்ன இருக்கிறது?

முடிவாக

இத்தனையையும் பார்த்தபின் என் தீர்ப்பு இது. சிறார் மாயக்கதை படமாக வேண்டுமானால் பெரும் பணத்தைவிட மூன்று உறுதிகள் முதலில் வேண்டும். கதையின் நடுவில் குழந்தையோ குழந்தையைப் போன்ற எளியவனோ இருக்க வேண்டும், அவன் வயதைக் கூட்டக் கூடாது. மாயத்தின் விதியைப் புத்தகத்தில் உள்ளபடி காக்க வேண்டும், யாருக்காகவும் தளர்த்தக் கூடாது. எழுதியவரையும் வரைந்தவரையும் முதல் நாளிலிருந்தே உடன் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று பிணைந்தவை. விதி இருந்தால்தான் சிறியவன் பெரியவனை வெல்ல முடியும், சிறியவன் நாயகனாக இருந்தால்தான் விதிக்கு வேலை இருக்கும். எழுத்தாளர் பக்கத்தில் இருந்தால்தான் இரண்டையும் யாராவது நினைவூட்டுவார்கள்.

இயக்குநர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த மாயப் படத்துக்கு நட்சத்திரத்தின் கால்ஷீட் கேட்பதற்கு முன், ஒரு தமிழ்ச் சிறார் நாவலை வாங்கிப் படியுங்கள். பெற்றோரிடமும் ஆசிரியர்களிடமும் ஒன்று கேட்கிறேன். அந்த நாவலைப் பிள்ளைகளின் கையில் முதலில் கொடுங்கள். படிக்கும் பிள்ளைகள் இருந்தால்தான் படம் வரும். அடுத்த சீசனில் ஐந்தருவிக்கு வரும்போது துண்டோடும் எண்ணெயோடும் ஒரு கதைப்புத்தகத்தையும் பையில் எடுத்து வையுங்கள்.